ஒரு படி கீழே

நல்ல செய்தி எதையும் அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை விட்டு வெயில் அடிக்கும். "இன்னும் தூறுது போல" என்பார். பஸ் முனையில் திரும்புவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். "இது நம்ம பஸ்ஸா இருக்காது" என்பார். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அவரிடம் போய்க் கேட்டுவிட்டார்கள், ஊரில் வேறு ஆள் கிடைக்காத மாதிரி. அவர் வழக்கம்போல் குறைத்துச் சொல்ல, சமையல்காரர் அதை நம்பி உலை வைக்க, மூன்றாம் பந்திக்கு ரசம்தான் மிச்சம். "சோறு பத்தாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு" என்று அதற்கும் தலையை ஆட்டினாராம் மனுஷர்.

மலாக்காவில், காஜா பேராங் பகுதியில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. பள்ளிக்கூடத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தெருவுக்கு அவர் கிராணியார், எனக்குக் கிராணி மாமா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பது வருஷம் அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் வீம்பாக இருந்தவள் நான். இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, காதில் செருகிய பென்சில். ஞாயிற்றுக்கிழமை காலையில் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வேலியில் கவிழ்த்து வைப்பார். காய்ந்துவிட்டதா என்று அவர் மனைவி, எனக்கு அத்தை, உள்ளேயிருந்து கேட்டால், "சாயங்காலம் ஆகும்" என்று பதில் வரும். அரை மணியில் காய்ந்துவிடும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பென்சிலைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு: பென்சிலால் எழுதுவது கிராணியாருக்கு, டைப் அடிப்பது ஊருக்கு.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் இல்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து ரோடு வேலை, குழாய் வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று ஒட்டிக்கொண்டவர்கள். எல்லாரும் மனு எழுத அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். "மொத தடவை கிடைக்காது" என்றுதான் ஆரம்பிப்பார். "எதுக்கும் தோட்டத்து ஆபீசுல ஒரு கடுதாசி வாங்கிக்க. இன்னொரு சாட்சியும் வெச்சுக்க." அப்படிப் பயமுறுத்திப் பயமுறுத்தியே மனுவைக் கெட்டியாக்கிவிடுவார். எல்லாருக்கும் முதல் தடவையே கிடைத்தது. வாழைப்பழச் சீப்போடு வந்து அவர் வாசலில் நிற்பார்கள். "இந்தத் தடவை என்னமோ கொடுத்துட்டான்" என்று சீப்பை வாங்கி உள்ளே வைப்பார்.

ஜனங்களுக்கு அவர் மேல் அத்தனை பிரியம் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கெட்டதாகச் சொல்லி நல்லதாக நடந்துவிட்டால் சொன்னவர் மேல் யாருக்குக் கோபம் வரும்? சரியாகச் சொன்னவனுக்கு யாரும் பழச்சீப்பு கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

ஒருநாள் கோப்பிக் கடையில் என் அப்பா அவரிடம் கேட்டார். அப்பா நகரசபையில் தண்ணீர்க் குழாய் மேஸ்திரி. சுதந்திரம் வந்த சந்தோஷம் அவருக்கு இன்னும் இறங்கவில்லை.

"கிராணியாரே, இனிமே நம்ம நாடு லா. நம்ம பிள்ளைங்க எல்லாம் பெரிய ஆளா வந்துருங்கதானே?"

"வரும். கொஞ்சம் குறைச்சே நெனைச்சுக்குங்க. அப்பத்தான் வர்றது நெறைய மாதிரி தெரியும்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாக்கா செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். அங்கே ஓர் அம்மா, மகன் பரீட்சை எழுதிய நாளிலிருந்து வேலியோரம் நின்று கிராணியாரைக் கேட்டுக்கொண்டே இருப்பாள், "லூலுஸ் கா?" என்று. தேறிவிடுவானா? அவர் "தெங்கோக் டூலு" என்பார், முதலில் பார்ப்போம் என்று. தமிழிலும் அவருக்குப் "பார்க்கலாம்"தான். வெள்ளைக்காரத் தலைமையாசிரியரிடம் இங்கிலீஷிலும் அதுவேதான். மூன்று பாஷை தெரிந்தவருக்குச் சொல்வதற்கு ஒரே சொல்.

நான் வீட்டில் அவரைப்போல் பேசிக் காட்டுவேன். தம்பிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"வாயை மூடு. அந்த மனுஷன் பொறந்ததுலேருந்து அப்படி இல்லை."

ஜப்பான்காரன் காலத்தில் அவர் ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தாராம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, அரிசியும் சம்பளமும் உண்டு என்று ஒரு நோட்டீஸ் வந்தது. லயத்து வீடுகளில் இருந்த கூலி ஜனங்களுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னவர் இவர். அத்தைக்கு ஒரு தம்பி. அத்தை பிள்ளையாக வளர்த்த பையன். அனுப்பலாமா என்று அத்தை கேட்டாள். "மூணு மாசந்தானே, போயிட்டு வந்துருவான்" என்று இவர் சொன்னார்.

"வரவே இல்லை" என்றாள் அம்மா. "அவ இன்னைக்கு வரைக்கும் புருஷனை ஒரு வார்த்தை கேட்கலை. திட்டியிருந்தாலாவது மனுஷன் தேறியிருப்பாரு."

அதற்குப் பிறகு நான் அவரைப்போல் பேசிக் காட்டுவதை விட்டேன். ஆனால் அது என்னோடு சம்பந்தப்பட்ட கதை என்று அப்போது தோன்றவில்லை.

மாமா வேலை பார்த்த எங்கள் பள்ளி ஆண்கள் பள்ளி. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் பாரத்தில் மட்டும் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். என் வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். நான் அங்கே போனதற்கு ஒரே காரணம், டாக்டராக வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பெண் டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. எல்லாரும் அவளைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் குழந்தை போய்விட்டது. அது பெண் குழந்தை. அன்றைக்கு நான் வராந்தாவில் நின்று எடுத்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை, கிராணி மாமாவைத் தவிர. "நல்லது பாப்பா, பார்க்கலாம்" என்றார்.

பரீட்சைத் தாள்கள் இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டு, முடிவு அடுத்த வருஷம்தான் வரும். பல்கலைக்கழகங்கள் அதுவரை காத்திருக்காது. விண்ணப்பம் முன்பே போக வேண்டும். அதில் ஒரு கட்டம்: இந்த மாணவருக்கு என்ன தேர்ச்சி வரும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது. அதைப் பள்ளிதான் நிரப்பும். மூன்று பாடத்துக்கு மூன்று எழுத்து. அதைப் பார்த்துத்தான் எங்கே விண்ணப்பிப்பது என்று வீட்டில் முடிவு செய்வார்கள். ஏ வரும் என்றால் சிங்கப்பூரில் மருத்துவம். எங்களுக்கெல்லாம் அப்போது டாக்டர் படிப்பு என்றால் சிங்கப்பூர் ஒன்றுதான். சி வரும் என்றால் கோலாலம்பூரில் புதிதாகத் திறந்ததில் விஞ்ஞானம். அதற்கும் கீழே என்றால் ஆசிரியர் பயிற்சி.

இதில் எங்கள் பள்ளிக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. பயந்தால்தான் படிப்பார்கள் என்று வாத்தியார்கள் சோதனைப் பரீட்சையைக் கறாராகத் திருத்தி ஒரு படி இறக்குவார்கள். தலைமையாசிரியர் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தைக் கிராணியாரிடமே விட்டுவிட்டார். கையெழுத்து மட்டும் அவருடையது. கிராணியாரிடம் பழைய பதிவேடுகள் இருந்தன. இங்கே ஐம்பது வாங்கியவன் இங்கிலாந்தில் எவ்வளவு வாங்கினான் என்பது அவருக்கு மனப்பாடம். ஏற்றிப் போட வேண்டிய இடத்தில் அவர் தன் பங்குக்கு இன்னொரு படி இறக்குவார். ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார்கள்.

என் படிவத்தை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டத்தில் சி, சி, டி என்று அடித்திருந்தது. அப்பா அதை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"டாக்டர் படிப்புக்கு இது பத்தாது பாப்பா" என்றார் மாமா. "சிங்கப்பூரை மொதல்ல எழுதினா அவங்க வேணாம்பாங்க. ரெண்டாவதா எழுதுன எடத்துக்காரன், நம்மளை ரெண்டாவதாத்தானே வெச்சிருக்கான்னு அவனும் தள்ளிருவான். ரெண்டும் போயிரும்."

"அப்ப என்னதான் எழுதட்டும்?" என்றார் அப்பா.

"கோலாலம்பூர் எழுதட்டும், சயன்ஸ். அது கிடைக்கலாம்."

"மாமா, நெசமாவே எனக்கு சி-தான் வருமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட வந்தா சந்தோஷம்தானே பாப்பா" என்றார்.

அப்பா பேனாவை என் பக்கம் தள்ளினார். "பெரியவங்க சொன்னா கேளு." நான் கோலாலம்பூர் என்று எழுதினேன். எழுதியது என் கைதான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை.

முடிவு வந்தது. ஏ, ஏ, பி.

தெரு முழுக்கச் சந்தோஷம். அப்பா குழாய் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். நான் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிங்கப்பூரில் மருத்துவத்துக்கு நேர்முகம் முடிந்து இடங்களும் நிரம்பிவிட்டன என்று தலைமையாசிரியர் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்; ஆனால் அவருடைய கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அங்கிருந்து ஆபீசுக்குப் போனேன்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. பதிவேட்டை எடுத்து, என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி, என் பக்கம் நகர்த்தினார். பெயருக்கு எதிரே பென்சிலால் பொடியாக ஏ, ஏ, பி என்று எழுதியிருந்தது. படிவம் அனுப்பும் முன்பே எழுதியது.

"தெரிஞ்சுமா சி-ன்னு அடிச்சீங்க?"

"வராமப் போயிருந்தா என்ன பாப்பா பண்ணுவ? நம்பி ஒக்காந்திருந்தா என்ன ஆகும்னு நான் என் வீட்டுலயே பார்த்தவன்."

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்குச் சொன்னேன்:

"அத்தை தம்பிக்குக் கூட்டிச் சொன்னீங்க. எனக்குக் குறைச்சுச் சொன்னீங்க. ரெண்டு பேரையும் தொலைச்சாச்சு."

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மாமா பதிவேட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சரியான அடி கொடுத்துவிட்டோம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா யோசித்து ஒரு வழி சொன்னார். "அடுத்த வருஷம் எடுத்துக்குவோம்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரு வருஷம் வீட்டுல இரு, நான் பார்த்துக்கறேன். யாரும் சொல்லலைன்னா கிடைச்சதை விட்டுறாதே." சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த நாட்களில் கிராணி மாமாவை வெளியே காணோம். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தம்பின் ஸ்டேஷனுக்குப் போய்க் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினேன்.

விலங்கியல் படித்தேன், ஆசிரியை ஆனேன். பிள்ளைகளுக்குத் தவளையை அறுத்துக் காட்டுவேன். கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் ஆத்திரம் வரும். லீவுக்கு ஊருக்கு வந்தால், சைக்கிளில் போகிறவர் என்னைக் கண்டதும் இறங்கி நிற்பார். நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். "உன் நெஞ்சு என்ன கல்லா?" என்று கேட்டாள். அப்படியே ஒன்பது வருஷம் போனது.

ஒரு நாள் காலையில் சப்பாத்து போடக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தந்தி வந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அம்மாவின் வாய்க்குப் பயந்து பதினாறாம் நாள் போனேன். சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்ததும் அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் பாப்பா. அவரு இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு."

அத்தை கதவைச் சாத்தினாள்.

"நீ ஆபீசுக்கு வந்து பேசிட்டுப் போனியே, அதுக்கு மறுநாள் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிட்டாரு. பள்ளிக்கூடத்துப் பெரிய புத்தகத்தைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு. வெளிய கொண்டு போனது தெரிஞ்சா வேலை போயிரும். மூணு நாளு அந்த டாக்டர் காலேஜ் ஆபீசு பெஞ்சில ஒக்காந்திருந்தாராம். நாலாம் நாள்தான் ஒரு பெரிய தொரை கூப்பிட்டாராம். 'பிள்ளை மேல தப்பில்லை, நான்தான் குறைச்சுப் போட்டேன்'னு புத்தகத்தைத் தெறந்து காட்டினாராம்."

"அவங்க என்ன சொன்னாங்க அத்தை?"

"இந்த வருஷம் எடம் இல்லை, அடுத்த வருஷம் அனுப்பு, எடுத்துக்குறோம்னு சொன்னாங்களாம்."

அப்பா கேட்ட அந்த ஒரு வார்த்தை. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"'ஓடிப் போய்ச் சொல்லுங்க'ன்னு நான் சொன்னேன் பாப்பா. எந்திரிச்சு உங்க வீட்டு வாசல் வரைக்கும் போனாரு. திரும்பி வந்துட்டாரு. 'எழுதிக் கொடுக்கலையே, வாயாலதானே சொன்னான். அடுத்த வருஷம் அந்த ஆளே மாறிட்டா? கையில இருக்கிற கோலாலம்பூரும் போயிரும். இன்னொரு பிள்ளைய நம்பி ஒக்கார வைக்க என்னால முடியாது'ன்னாரு. மறுநாளும் போனாரு. நீ ரயில் ஏறுற வரைக்கும் தினமும் இருட்டினப்புறம் உங்க வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்தவர் மேல், அதுவும் பதினாறாம் நாள், முன்னைவிட இரண்டு பங்கு கோபம். அப்புறம் துண்டில் சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் வந்தார். நான் சொன்ன அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் அங்கே உட்கார்ந்திருப்பார். அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அத்தை என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ, உண்மையச் சொல்லு பாப்பா. அவரு அன்னைக்கு உள்ள வந்து சொல்லியிருந்தா, உனக்கு அந்தப் படிப்பு கிடைச்சிருக்குமா?"

தம்பி திரும்பி வராதபோது புருஷனை ஒரு வார்த்தை கேட்காதவள், புருஷன் போன பிறகு என்னைக் கேட்கிறாள். அவர் இரண்டாவது தடவையும் தவறிவிட்டாரா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என் வகுப்பிலிருந்த ஒருவன், என்னைவிடக் குறைந்த தேர்ச்சியோடு, ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தான். உடனே எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஜொகூரில் டாக்டர்.

"எங்க கிடைக்கப் போகுது அத்தை" என்றேன். "கிடைச்சிருக்காது."